மூன்று பத்து இருட்டு

ஆவணி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பெரம்பலூருக்கு மேற்கே சோளக்காடுகளுக்கும் சின்ன வெங்காயப் பட்டறைகளுக்கும் நடுவில் நிற்கிற எங்கள் பல்கலைக்கழகத்தின் மகளிர் விடுதிக்கு ராத்திரி வந்தது. மழைமேகம் மூடவில்லை, கிரகணம் என்று எந்தக் காலண்டரும் சொல்லவில்லை. காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருந்த நானும் என் அறைத்தோழி ஃபர்ஹானாவும் வாயில் கவ்விய கிளிப்புகளோடு நிமிர்ந்து பார்த்தால், நீலமாக இருந்த வானம் கறுத்துப்போய், அதில் ஒன்று, மூன்று, பத்து என்று தொடங்கி எண்ண முடியாத அளவுக்கு நட்சத்திரங்கள், அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்கு எவை எங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு நான்கு பத்துக்கு அது போனது. போனதும் ஃபர்ஹானா வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, "துணி இன்னும் ஈரமாத்தான்டி இருக்கு" என்றாள்.

மறுநாளும் மூன்று பத்துக்கு வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் அதன் எல்லை எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: விடுதிச் சுற்றுச்சுவருக்குள் முழுசாக, சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயப் பட்டறையில் கால்வாசி, ரோட்டோரப் பேருந்து நிழற்குடையில் பாதி, அவ்வளவுதான். துறையூர் பஸ் டிரைவர் விடுதி வாசலைத் தாண்டுகிற பன்னிரண்டு விநாடிக்கு மட்டும் ஹெட்லைட்டைப் போட்டு அணைக்கப் பழகினார். பட்டறையில் வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்கள் இருட்டு விழுகிற கால்வாசியில் தூளி கட்டிப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, வெளிச்சமிருந்த முக்கால்வாசியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அந்திமந்தாரைச் செடி இரண்டு நாள் குழம்பிவிட்டுப் பிறகு மூன்று பத்துக்கே பூக்க ஆரம்பித்தது. இயற்பியல் துறையிலிருந்து நான்கு பேர் மூன்று கருவிகளோடு வந்து, "ஆய்வு நடைபெறுகிறது" என்று எழுதி வைத்துவிட்டு, மெஸ்ஸில் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தினசரி இருள் நேரத்தில் மாணவியர் அமைதி காக்க வேண்டும் என்று பதிவாளர் சுற்றறிக்கை அனுப்பினார். வாட்ச்மேன் ராயப்பண்ணன் அந்த ஒரு மணி நேரத்துக்கும் டார்ச் செல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டால், "வழி தெரியாம வந்திருக்கும்மா, சாப்புட்டுப் போவட்டும்" என்பார். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த விடுதி கட்டி முப்பத்தாறு வருஷமாகிறது, வருஷத்துக்கு முந்நூறு பெண்கள், அத்தனை பேரையும் ஆறரைக்கு உள்ளே தள்ளிப் பூட்டியபோது வெளியே நின்றுபோன ராத்திரிகள் எல்லாம் எங்கே போகும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் இது என் கட்சி. நிரூபணம் கேட்டால் கிடையாது.

என் பெயர் செங்கொடி. பெயர் வைத்த அன்றைக்கே என் அப்பா என்னைப் பாதி சண்டைக்குத் தயார்செய்துவிட்டார், மீதியை நான் கற்றுக்கொண்டேன். அதனால் இருட்டு வந்த நான்காம் நாள் மொட்டைமாடிக் கதவில் மூன்று மணிக்கே பூட்டுத் தொங்கியபோது, விடுதி விதிமுறைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டன் புனிதவதி மேடத்தின் அறைக்குப் போனேன்.

"இருட்டுல பொண்ணுங்க மாடியில நிக்கக் கூடாதும்மா" என்றார் மேடம், கண்ணாடியைக் கழற்றாமல்.

"விதி பதினாலுல இருட்டுன்னு ஒரு வார்த்தையே இல்ல மேடம். 'ஹால் கடிகாரப்படி மாலை ஆறு முப்பதுக்கு மாடிக் கதவு பூட்டப்படும்.' இவ்வளவுதான் இருக்கு. மணிதான் சட்டம். இருட்டு வந்தாலும் வெளுத்தாலும் மணிதான் சட்டம்."

"அப்ப வெளிய தெரியுறது ராத்திரி இல்லையா?"

"அத ஹால் கடிகாரத்தக் கேளுங்க மேடம்."

இந்த ஹால் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாரோ ஒரு பழைய மாணவியர் அணி வாங்கிக் கொடுத்த, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டக் கடிகாரம் அது. ராயப்பண்ணன் கையில் போன் இருந்தாலும், பல்கலைக்கழகத்துச் சங்கு ஊதினாலும், அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பூட்டுவார். ஒரு வருஷம் அது ஐந்து நிமிடம் வேகமாக ஓடியது, அந்த வருஷம் முழுக்க முந்நூறு பேர் தினம் ஐந்து நிமிடத்தை இழந்தோம், சரிசெய்யச் சொன்னால் "அது மேடம் தொடணும்" என்றார். மேடம் தொடவில்லை.

மூன்று நாள் யோசித்தார் மேடம். நான்காம் நாள் பதிவேட்டில், "மணியே விதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பூட்டைத் திறக்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "நீ சொன்னத நீ மறந்துடாத" என்றார். மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஃபர்ஹானா லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவள் வாப்பா கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார்; சின்ன வயதில் வாட்ஸப்பில் அவர் அனுப்பிய பாலைவனத்து வானத்தின் படத்தைப் பார்த்துத்தான் இவள் இயற்பியல் படிக்க வந்தாள். வந்த இடத்தில் வானியல் செய்முறைத் தாள் ஒன்று இருந்தது, அதற்கான தொலைநோக்கி மாடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விடுதிக்குப் பின்னால் இருந்தது, அது திறக்கிற நேரம் ராத்திரி எட்டு. எங்கள் கதவு பூட்டுகிற நேரம் ஆறரை. எந்தப் பெண்ணையும் யாரும் சேரக் கூடாது என்று சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். படிவத்தை வாங்கிக்கொண்டு, "வர முடியும்னா தாராளமா வாங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

மூன்று பத்து இருட்டு வந்த பிறகு ஃபர்ஹானா அந்தத் தாளை நடத்துகிற பேராசிரியர் சத்தியசீலன் சாரிடம் மறுபடி போனாள். அவர் நல்ல மனிதர், யோசித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிரகத்துக்கு டைட்டன்னு ஒரு நிலா. பதினாறு நாள்ல ஒரு சுத்து சுத்தி, கெளம்பின எடத்துக்கே வந்துடும். பதினாறு நாளும் விடாம அது எங்க இருக்குன்னு வரைஞ்சு கொண்டா. ஒண்ணு கொறஞ்சாலும் சுத்து முடியாது, நான் பாஸ் போட மாட்டேன். எந்த நேரத்துல, எந்த மாடியில நின்னு பாத்தேன்னு மட்டும் கேக்க மாட்டேன்." ஃபர்ஹானா அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, பதினாறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வளையத்தோடு ஒரு குட்டிச் சனியை வரைந்து வைத்துவிட்டாள். புள்ளி வைப்பதுதான் பாக்கி. தொலைநோக்கிதான் இல்லை.

விடுதி விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒன்று வாங்கிக்கொள்ள மேடம் சம்மதித்தார். எதை வாங்குவது என்பதில்தான் விடுதி இரண்டாகப் பிளந்தது.

முதலில் ஆண்கள் விடுதி வானியல் கழகச் செயலாளர் கோகுல்நாத் ஒரு விளம்பரத்தை அனுப்பினான்: ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு பெரிதாகக் காட்டும், முக்காலியோடு வரும், ஆரம்பக்காரர்களுக்கு இது போதும், அதிலும் உங்களுக்குத் தாராளமாகப் போதும். நானும் ஃபர்ஹானாவும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். "எத்தன மடங்குங்கிறது பொட்டிமேல ஒட்டுற ஸ்டிக்கர்" என்றாள் அவள். "முக்காலி கொசு உக்காந்தா ஆடும்" என்றேன் நான். அத்தோடு ஒற்றுமை முடிந்தது.

அவள் கேட்டது எழுபது மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த நீளக் குழாய். முன்பக்கம் லென்ஸ், பின்பக்கம் கண். "எடுத்தோம், வெச்சோம், பாத்தோம். வர்றதே ஒரு மணி நேர இருட்டு, அதுல திருகாணி திருகிக்கிட்டு நிக்கணுமா?" நான் கேட்டது நூற்று முப்பது மில்லிமீட்டர் குழிவுக் கண்ணாடி வைத்த குட்டையான குழாய். அடியில் கண்ணாடி இருக்கும், அது வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும், மேலே ஒரு சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் தள்ளும், நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்றரை மடங்கு வெளிச்சம் கூடுதல், நிலாவைச் சுற்றி நீலக்கறை விழாது, முக்காலியே வேண்டாம், மாடியில் இருக்கிற துவைக்கிற கல்லின்மேல் உட்கார வைத்துவிடலாம். பஸ்ஸில், குளியலறை வரிசையில், மெஸ்ஸில், இருட்டில், வெளிச்சத்தில், பத்தொன்பது நாள் நாங்கள் பேசினோம். ஒவ்வொரு அறையும் ஒரு கட்சி எடுத்தது. கதவுகளில் 'லென்ஸ்', 'கண்ணாடி' என்று சாக்பீஸால் எழுதினார்கள். வெங்காயப் பட்டறைப் பெண்கள்கூடச் சுவரேறிக் கேட்டார்கள், "என்னாச்சு பாப்பா, நீட்டா, குட்டையா?"

மெஸ்ஸில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த நல்லம்மாக்காவும் கேட்டார். இருபத்தேழு வருஷமாக இந்த விடுதிக்குச் சமைக்கிறவர். "ரெண்டுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்?"

"மழத்தண்ணி புடிக்க டம்ளர் வெப்பீங்களா, அண்டா வெப்பீங்களாக்கா? அவளோடது டம்ளர், என்னோடது அண்டா."

"அண்டாவக் கழுவுறது யாரு கண்ணு?"

ஃபர்ஹானா சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. நான் விடவில்லை. "நீங்களும் வந்து பாக்கப் போறீங்க, அப்பத் தெரியும். மொதல்ல சனிக்கிரகந்தான்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். "சனியவா? ஐயோ, வேணாம் தாயி. கோயில்லயே அவருக்கு நேர் எதிர்ல நிக்கக் கூடாதும்பாங்க, ஒதுங்கி நின்னுதான் கும்புடணும். நீங்க பெருசு பண்ணி வேற பாக்கப் போறீங்களா?"

இருபது நிமிடம் பேசினேன். அது வாயுக்கோளம் என்றேன், நூற்றுமுப்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்றேன், பெண்களைப் பயமுறுத்தவே இதெல்லாம் என்றேன். அக்கா அறுபது சப்பாத்தி தேய்த்து முடித்தார். "நீ சொன்னா சரியாத்தான் கண்ணு இருக்கும்" என்றார். ஆனால் மாடிக்கு வரவில்லை. வேலையிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் மெஸ்ஸில் கை தூக்கச் சொன்னோம். கடைசியாகப் பேசியது நான். என் கட்சி இருபத்தைந்து கை வித்தியாசத்தில் ஜெயித்தது, பெண்கள் தட்டைத் தட்டினார்கள், நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். அப்போதுதான் ராயப்பண்ணன் கேட் நோட்டோடு உள்ளே வந்தார். "மேடம், ஒண்ணு சொல்லணும். இருட்டு வர்ற நேரம், போற நேரம் ரெண்டையும் நான் குறிச்சு வெச்சிட்டு வர்றேன். மூணு பத்துக்குக் கரெக்டா வந்துடுது. போறதுதான், இந்த டெலஸ்கோப்புப் பேச்சு ஆரம்பிச்சதுலேருந்து தெனமும் ஒரு நிமிசம் முன்னாடி போவுது. இன்னிக்கு நாப்பத்தோரு நிமிசந்தான் இருந்துச்சு."

யாரும் தட்டைத் தட்டவில்லை. நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். நாங்கள் வாய் ஓயாமல் பேசிய பத்தொன்பது நாளில் பத்தொன்பது நிமிடம் போயிருந்தது.

இருட்டு முப்பது நிமிடமாகச் சுருங்கிய அன்றைக்குத் தொலைநோக்கி கூரியரில் வந்தது. துவைக்கிற கல்லில் வைத்தோம், குழாயைத் திருப்பிச் சனியைப் பிடித்தோம், ஃபர்ஹானா கண் வைத்தாள், வைத்தவள் நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னாள். எல்லா நட்சத்திரத்துக்கும் வால் முளைத்திருந்தது. சனி வழித்து எறிந்த மாவு மாதிரி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது, பக்கத்தில் டைட்டன் இருந்ததா என்று சனிக்கே தெரியாது. வழியில் எங்கேயோ விழுந்ததில் கண்ணாடி கோணியிருந்தது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று அடித்தட்டைக் கழற்றி, கண்ணாடியை வெளியே எடுத்து, மறுபடி மாட்டினேன், வால் இரண்டாயிற்று. அடியில் மூன்று திருகாணி இருந்தது, அதைத் திருப்பி நேராக்க வேண்டும், நேராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு அடையாளம் இருக்க வேண்டும், எங்கள் கண்ணாடியில் அது இல்லை. பேனாவால் நானே வைக்கலாம் என்று மூடியைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் எல்லாம் தப்பு. இப்படியே பதினான்கு நாள், தினம் ஒரு நிமிடம் குறைந்த இருட்டில், நான் திருகிக்கொண்டே இருந்தேன். ஃபர்ஹானா பதினாறு கட்டமும் வெறுமையாக இருந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவையாவது அவள் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவே இல்லை. வாதத்தில் ஜெயித்தது நான். சொன்னது சரியாக இருந்தது அவள்.

இருட்டு பதினாறு நிமிடமாக இருந்த அன்றைக்கு ஆயுத பூஜை. விளக்கு எடுப்பாகத் தெரியும் என்று மெஸ்ஸில் பூஜையையே மூன்று பத்துக்கு வைத்திருந்தார்கள். கிரைண்டர், கரண்டிகள், மேடத்தின் பதிவேடு, ராயப்பண்ணனின் டார்ச், கம்ப்யூட்டர் அறை மவுஸ்கள், எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் மாடியிலிருந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தேன். முந்தின நாள் கழற்றித் துண்டில் சுற்றி வைத்திருந்ததைக் காணவில்லை. அது வாழையிலையில், பொரிக்கும் வெல்லத்துக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தை மேற்கூரைக்கு அடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதன்மேல், தொடவே கூடாத அந்தப் பூச்சின்மேல், ஒரு பொட்டு.

"யாரு வெச்சது?"

"நான்தான் கண்ணு" என்றார் நல்லம்மாக்கா சந்தோஷமாக. "எல்லாச் சாமானுக்கும் வெச்சேன்ல."

"எடுத்துட்டு வந்தது?"

"நான்தான்டி" என்றாள் ஃபர்ஹானா. "எல்லாரோட சாமானும் இருக்கு, நம்மளது மட்டும் எதுக்கு இல்லாம இருக்கணும்?"

அப்புறம் நான் பேசியதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிப் பூச்சைப் பற்றிப் பேசினேன், மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினேன், இந்த நாட்டில் அறிவியல் ஏன் வளரவில்லை என்று பேசினேன், கிரைண்டரையும் கிரகத்தையும் ஒன்றாக நினைக்கிறவர்களைப் பற்றிப் பேசினேன். அக்கா கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் இருந்தன, யாரும் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பதினாறு நிமிடத்தையும் தின்றுவிட்டிருந்தேன்.

துடைப்பதற்கு ஈரப் பஞ்சை எடுத்தேன். ஃபர்ஹானா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நில்லு. ஸ்கேல் எடு."

வலமாக வைத்தாள்: பொட்டிலிருந்து விளிம்புக்கு அறுபத்தைந்து மில்லிமீட்டர். இடமாக வைத்தாள்: அறுபத்தைந்து. மேலே, கீழே, குறுக்கே, எப்படி வைத்தாலும் அறுபத்தைந்து.

"எப்படிக்கா நடுவுல வெச்சீங்க?" என்றாள்.

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பொட்ட நடுவுல வெக்காம ஓரத்துலயா வெப்பாங்க?"

கண்ணாடியின் நட்டநடுப் பகுதிமேல் எப்போதும் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியின் நிழல் விழும். அங்கே புளியங்கொட்டை அளவு பொட்டு இருந்தாலும் பார்வைக்கு ஒன்றும் குறையாது. இது எனக்குத் தெரியும். புத்தகத்திலிருந்து பத்தொன்பது நாள் மேற்கோள் காட்டியவள் நான்தான். அன்று சாயங்காலம் கண்ணாடியை மாட்டி, மாத்திரை டப்பா மூடியில் ஊசியால் துளை போட்டுக் கண் வைக்கிற இடத்தில் பொருத்தி, அதன் வழியாக அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துப் பார்த்து மூன்று திருகாணியையும் திருப்பினோம். பத்தே நிமிடத்தில் பொட்டு நடுவுக்கு வந்து நின்றது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போய்ப் பொரி தின்னு கண்ணு, கத்திக் கத்தித் தொண்ட காஞ்சிருக்கும்" என்றார்.

மறுநாள் பதினைந்து நிமிடம் இருட்டு. நட்சத்திரங்கள் ஊசிமுனைகளாக நின்றன. சனி தன் வளையத்தோடு, எங்கேயும் இழுபடாமல், கறுப்பில் கொளுத்திவைத்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் தள்ளி ஒரு துளி, டைட்டன். ஃபர்ஹானா முதல் கட்டத்தில் புள்ளி வைத்தாள். நோட்டை மூடி அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

பதினைந்து நிமிட இருட்டென்றால் இன்னும் பதினைந்து நாள். வேண்டியது பதினாறு. பதினாறாவது எங்கே போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அவள் அதையும் சொல்லவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் விடுதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கே எல்லா அறையிலும் விளக்கணைத்தார்கள். துறையூர் பஸ் ஹெட்லைட் போடாமல் இரண்டு விநாடி ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. பட்டறைப் பெண்கள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ராயப்பண்ணன் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பிடிக்க, ஃபர்ஹானா புள்ளி வைத்தாள். புள்ளி இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, சனிக்குக் கீழே வந்து, வலப்பக்கம் விலகி, மேலே ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடம், ஒன்பது நிமிடம், நான்கு நிமிடம். தொலைநோக்கி நிற்க வேண்டிய கோணத்தைக் கல்லின்மேல் சாக்பீஸால் குறித்து வைத்தோம், இருட்டு விழுந்த கணமே திருப்ப வசதியாக.

பதினைந்தாம் நாள் ஒரே ஒரு நிமிடம். மூன்று மணிக்கு ஃபர்ஹானா கீழே போய் நல்லம்மாக்காவைப் பஜ்ஜி மாவுக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு விட்டா இல்லக்கா."

"சனிக்கு எதிர்லயா தாயி..." என்று படிக்கட்டிலேயே நின்றார் அக்கா.

என்னிடம் அதே இருபது நிமிடப் பேச்சு தயாராக இருந்தது. விழுங்கினேன். "நேருக்கு நேர் இல்லக்கா. இவளோட டெலஸ்கோப்புன்னா எதிர்ல நின்னுருக்கணும். இதுல குழாய்தான் அவரப் பாக்கும். நீங்க பக்கவாட்டுல, சோளக்காட்டப் பாத்துத்தான் நிப்பீங்க. கோயில்ல நிக்கிற மாதிரியே."

அக்கா தொலைநோக்கியை ஒரு சுற்று சுற்றி வந்து சரிபார்த்தார். "ஆமா" என்றார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

மூன்று பத்து. இருட்டு விழுந்தது. ஃபர்ஹானா குழாயைச் சாக்பீஸ் கோட்டுக்குத் திருப்பி, தேடி, பிடித்து, தெளிவாக்கி, பிறகு, நான் கத்த வாயைத் திறக்கும்போதே, விலகி நின்றாள். "அக்கா, நீங்க பாருங்க. பக்கத்துல ஒரு துளி இருக்கும். அது எங்க இருக்குன்னு இதுல வைங்க." நோட்டை நீட்டினாள். அவளுடைய தாள், அவளுடைய பாஸ், அவளுக்குக் கிடைக்கப்போகிற கடைசிக் கட்டம். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது பெரிய வேலை.

நல்லம்மாக்கா ஒதுங்கி நின்று, குனிந்து, கண் வைத்தார். "அட" என்றார். "கம்மல் போட்டுருக்காருடி." கண்ணை எடுக்காமல், மஞ்சளும் கடலைமாவும் ஒட்டிய விரலை நீட்டி நோட்டைத் தடவி, ஒரு தடவை நிமிர்ந்து கட்டத்தைப் பார்த்து, விரல்நுனியால் ஒரே ஒரு ஒற்று ஒற்றினார். வெயில் வந்துவிட்டது. பதினைந்தாம் கட்டத்தில் டைட்டன் மஞ்சளாக இருந்தது, முந்தின நாள் புள்ளியிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவே நகர்ந்திருந்தது.

அடுத்த நாள் மூன்று பத்துக்கு முந்நூறு பேர் மாடியில் நின்றோம். வானம் நீலமாகவே இருந்தது. பட்டறைப் பிள்ளைகள் தூங்காமல் அழுதன, அந்திமந்தாரை மூடியே கிடந்தது, துறையூர் பஸ் வழக்கம்போல் ஹாரன் அடித்துவிட்டு, அடித்ததற்கு வருத்தப்பட்டதுபோல் போனது. ஃபர்ஹானா நோட்டை எனக்குக் காட்டாமல் பையில் வைத்தாள். ஒரு கட்டம். நான் தின்ற கட்டம்.

நான் அறைக்குப் போய் மனு எழுதினேன், நான்கு பக்கம், அரசியல் சாசனத்திலிருந்து இரண்டு பிரிவுகளோடு. ஆறேகாலுக்கு அதை எடுத்துக்கொண்டு, முதல் வரியிலேயே சண்டையைத் தொடங்குவது என்ற முடிவோடு ஹாலுக்கு இறங்கினேன்.

புனிதவதி மேடம் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பெரிய வட்டக் கடிகாரத்தின் பின்னால் துழாவி, எதையோ எடுத்து, இறங்கினார். அவர் உள்ளங்கையில் ஒரு செல் இருந்தது. கடிகாரம் ஆறு இருபதில் நின்றிருந்தது.

"மேடம்..." என்றேன்.

"செல்லு வீக்கா இருக்கும்மா. புதுசு நாளைக்குத்தான் வாங்கணும்." செல்லைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். "மணிதான் சட்டம்னு நீதானே சொன்ன? இருட்டு வந்தாலும் வெளுத்தாலும். நான் கையெழுத்தே போட்டிருக்கேன்." என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அதற்குரிய நேரத்துக்கு, எல்லாருக்கும் வருகிற மாதிரி, சோளக்காட்டிலிருந்து வெங்காயப் பட்டறை வரைக்கும் ஒரே சீராக வந்தது. மாடி நிறையப் பெண்கள். நல்லம்மாக்கா முறுக்குத் தூக்கோடு முதல் ஆளாக ஏறி வந்து, ஒதுங்கி நிற்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு மேலே, நட்சத்திரங்கள் முழுசாக வந்த பிறகு, ஃபர்ஹானா துவைக்கிற கல் பக்கத்தில் மண்டியிட்டு, வெகு நேரம், அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு பதினாறாம் கட்டத்தில் புள்ளி வைத்தாள். நோட்டைப் புரட்டி முதல் கட்டத்தை எனக்குக் காட்டினாள். இரண்டிலும் டைட்டன் இடப்பக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது.

கீழே ஹாலில் ராயப்பண்ணன் சாவிக்கொத்தோடு வந்து நின்று கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பது படிக்கட்டு வழியாகத் தெரிந்தது. நன்றாகப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாடிப்பக்கம் குரல் கொடுத்தார்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்கும்மா. பதறாமப் பாருங்க."